மூளையும் மூலக்கலங்களும்: ஒரு கோட்பாடு தளர்ந்த வரலாறு

முதிர்ந்த மூளையிற் புதிய நரம்புக்கலங்கள் தோன்றமாட்டா என்னும் கருத்து, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் நரம்பியலின் அடிப்படைக் கோட்பாடாக விளங்கிற்று. இன்று மூளை அழற்சியை மூலக்கலங்களாற் குணப்படுத்தும் ஆய்வினைக் கலாநிதிப் பட்டத்திற்காகத் தொடங்கும் இளம் மாணவரொருவருக்கு, அக்கோட்பாடு தளர்ந்தமையே வழியைத் திறந்துவிட்டது. அத்தளர்ச்சி எவ்வாறு நிகழ்ந்தது, அதன்பொருட்டு எவர் எதனை இழந்தனர் என்பன நோக்கற்பாலன.

இக்கோட்பாட்டின் மூலவராகச் சுட்டப்படுபவர், 1906 இல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்ட ஸ்பானிய அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹால் ஆவார். நரம்புத்தொகுதியின் சிதைவும் மீளுருவாக்கமும் பற்றி 1913–1914 இல் அவர் வெளியிட்ட பெருநூலில், முதிர்ந்தோரின் மூளையில் அழிந்தவை மீளத் தோன்றுவதில்லை என முடிவு கூறினார். ஆயின், அக்கடுந்தீர்ப்பினை இயலுமாயின் மாற்றுதல் எதிர்கால விஞ்ஞானத்தின் பணி என்றும் அவர் அவ்விடத்திலேயே குறித்தார். பின்வந்தோர் முதற்கூற்றினைக் கோட்பாடாக்கினர். இரண்டாவதனைப் பெரிதும் மறந்தனர்.

இக்கோட்பாட்டிற்கு மாறான சான்றினை முதலில் முன்வைத்தோருள் ஜோசப் அல்ற்மன் குறிப்பிடத்தக்கவர். மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஆய்வு நடத்திய அவர், பிரிவடையும் கலங்களிற் சேரும் கதிரியக்கத் தைமிடீனைப் பயன்படுத்தி, வளர்ந்த எலிகளின் மூளையிற் புதிய நரம்புக்கலங்கள் தோன்றுவதாக 1962 இல் அறிவித்தார். 1965 இல் கோபால் தாசுடன் இணைந்து விரிவான சான்றுகளையும் வெளியிட்டார். அவை பெரிதும் புறக்கணிக்கப்பட்டன. காணப்பட்டவை நரம்புக்கலங்கள்தாமா, அவற்றைத் தாங்கும் கிளியாக் கலங்களா என்னும் ஐயமே தடையாயிருந்தது. 1977 இல் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கப்லன், ஜேம்ஸ் ஹைன்ட்ஸ் ஆகியோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையுடன் அவ்வையத்தைத் தீர்க்க முயன்றனர். அப்பொழுதும் துறை அசையவில்லை. கப்லன் காலப்போக்கில் அவ்வாய்வினின்றும் நீங்கினார். 2001 இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, ஒரு கோட்பாட்டின் மரணத்தையும் ஓர் ஆய்வு வாழ்வின் மரணத்தையும் ஒருங்கே சுட்டியது. அவர் கண்டது உண்மையென ஏற்கப்பட்ட காலத்தில், அவர் அத்துறையில் இருக்கவில்லை.

மாற்றம் மெல்லவே வந்தது. 1983 இல் றொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீவன் கோல்ட்மன், தம் ஆசிரியர் பெர்னான்டோ நொற்றபோமுடன் வளர்ந்த கனேரிப் பறவையின் மூளையிற் புதிய நரம்புக்கலங்கள் தோன்றுவதைக் காட்டினார். 1992 இல் கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தில் பிறென்ட் றெய்னோல்ட்ஸ் என்னும் ஆய்வு மாணவரும் அவருடைய ஆசிரியர் சாமுவேல் வைசும், வளர்ந்த சுண்டெலியின் மூளையினின்றும் பிரித்தெடுத்த கலங்களை வளர்ச்சிக் காரணியொன்றின் துணையால் வளர்த்தனர். அவை பிரிவடைந்து கோளங்களாகத் திரண்டு, நரம்புக்கலங்களையும் கிளியாக் கலங்களையும் தோற்றுவித்தன. மூளையில் மூலக்கலங்கள் உண்டு என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. 1998 இல் பீற்றர் எறிக்சன், பிறெட் கேஜ் ஆகியோர் மனித மூளையிலும் புதிய நரம்புக்கலங்கள் தோன்றுவதற்கான சான்றினை வெளியிட்டனர்.

மூளை அழற்சி பற்றிய அறிவின் ஒரு வேரும் கஹாலின் மட்றிட் நகரிலேயே உண்டு. அழற்சியில் முதன்மைப் பங்கு கொள்ளும் மைக்குறோகிளியாக் கலங்களை 1919 இல் இனங்கண்டு பெயரிட்டவர் பியோ டெல் றியோ ஓர்ட்டேகா. அடுத்த ஆண்டில் அவர் கஹாலின் ஆய்வுகூடத்தினின்றும் விலக்கப்பட்டார் என்பது அவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி. இவ்விரு கிளைகளும் மிலான் நகரில் நெருங்கிவந்தன. 2003 இல் ஸ்தெபானோ புளுக்கினோ, ஜான்வித்தோ மார்த்தினோ ஆகியோர், மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் நோயினை ஒத்த அழற்சியுடைய சுண்டெலிகளுக்கு மூளை மூலக்கலங்களைச் செலுத்தினர், நோய் தணிந்தது. அழிந்த கலங்களுக்குப் புதியன ஈடாகும் என்பதே எதிர்பார்ப்பு. எனினும் 2005 இல் அதே குழுவினர் வேறொரு பயனைக் கண்டனர். செலுத்தப்பட்டவற்றுட் பல மூலக்கலங்களாகவே குருதிக்குழாய்களை அண்டி நின்று, மூளையுட் புகுந்த நிர்ப்பீடனக் கலங்களை அடக்கின. ஈடுசெய்தலினும் தணித்தலே முதன்மையான பயனாகலாம் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

2023 இல் இத்தாலியில் நடந்த இரு முதற்கட்டப் பரிசோதனைகளின் முடிவுகள் வெளியாயின. ஒன்றில் 12 பேருக்கும் மற்றையதில் 15 பேருக்கும் மனித மூளை மூலக்கலங்கள் செலுத்தப்பட்டன. அவை பாதுகாப்பினை ஆராய்ந்தனவேயன்றி, குணப்படுத்தலை நிறுவினவல்ல. 2018 இல் வெளிவந்த ஆய்வுகளோ, முதிர்ந்த மனிதரின் ஹிப்போகாம்பசிற் புதிய நரம்புக்கலங்கள் தோன்றுகின்றனவா என்பதில் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. எனவே பழைய கோட்பாடு தளர்ந்தமையால் அதன் எதிர்க்கூற்று முழுமையாக நிறுவப்பட்டதெனக் கொள்ளல் தவறாகும்.

ஐயம் விஞ்ஞானத்திற்கு இன்றியமையாதது. அல்ற்மனிடமும் கப்லனிடமும் மேலதிகச் சான்று கேட்டமை குற்றமன்று. கேட்ட சான்று வந்தபின்னும் அதனை ஆராயாது விட்டமையே குற்றம். அதன் விலையை இளையோரே கூடுதலாகச் செலுத்தினர். இன்று ஆய்வுகூடத்துட் புகும் மாணவர் நுட்பங்களோடு இவ்வரலாற்றையும் கற்பாராயின், தம் முடிவுகளை ஐயுறவும் பிறர் சான்றுகளைப் பொறுமையுடன் நோக்கவும் அது துணைபுரியும்.