வெறிச்சோடிய உலகும் தாழிட்ட கதவும்

அரசு மறைந்து, அங்காடிகள் சூறையாடப்பட்டு, ஊர்கள் பாழான பின்னர் எஞ்சிய ஒரு சிலர் உயிர் பிழைக்கப் போராடும் கதைகள் மேனாட்டுத் திரைப்படங்களில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. அவற்றுள் பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்டவை சில. பெரிய நிறுவனங்களின் துணையின்றிச் சிறு முதலைக் கொண்டு தனி மனிதர்கள் எடுத்தவை பல. மதரஸாவில் ஓதி, அரபும் தமிழும் கற்பித்து வாழ்நாளைக் கழிக்கும் எனக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவலாம். அத்தொடர்பு என் பழைய மாணவர் ஒருவரால் ஏற்பட்டது.

தாம்பரத்தில் என்னிடம் அரபு கற்ற அந்த இளைஞர், சென்ற ஆண்டு தம் நண்பர்களுடன் சேர்ந்து கைப்பேசியாலேயே இருபது நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். பல்லாவரத்துக்கு அருகில் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் கரையிலும், கட்டி முடிக்கப்படாத ஒரு வீட்டிலும் கதை நிகழ்கிறது. உலகில் மழை நின்றுவிட்டது; மக்கள் மடிந்துவிட்டனர். ஒருவன் மட்டும் ஒரு குடம் தண்ணீரைக் காத்துக்கொண்டு அவ்வீட்டில் வாழ்கிறான். ஓரிரவு கதவு தட்டப்படுகிறது. தண்ணீர் கேட்கும் குரலொன்று ஒலிக்கிறது. அவன் விளக்கை அணைத்துவிட்டு அசையாதிருக்கிறான். குரல் ஓய்கிறது. படமும் முடிகிறது.

“தம்பி, அவன் ஏன் கதவைத் திறக்கவில்லை?” என்று கேட்டேன்.

“திறந்தால் வெளியே நிற்க ஆள் வேண்டுமே, ஹஜ்ரத்! நடிக்க ஒருவர்தான் கிடைத்தார். அந்தக் குரல்கூட என்னுடையதுதான்” என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன். அம்மாணவர் விளையாட்டாகச் சொன்ன சொல்லில் இவ்வகைப் படங்களின் வரலாறே அடங்கியிருக்கிறது. அதனை முதலில் காண்போம்.

சிறு முதலும் ஒற்றை வீடும்

அணுகுண்டின் அச்சம் உலகைப் பிடித்திருந்த காலத்தில், 1951இல், ஆர்ச் ஓபோலர் என்னும் அமெரிக்கர் ‘ஐவர்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு படம் எடுத்தார். அணுப்போருக்குப் பின் உலகில் எஞ்சியவர் ஐவரே. அவர்கள் வந்து தங்கும் வீடு ஓபோலரின் சொந்த வீடு. 1962இல் கிரிஸ் மார்க்கர் என்னும் பிரெஞ்சுக்காரர், போரில் பாழான பாரிஸ் நகரின் கதையை ஏறத்தாழ முழுவதும் அசையாத புகைப்படங்களைக் கொண்டே 28 நிமிடங்களில் சொல்லி முடித்தார்.

1968இல் வந்த ‘உயிருள்ள பிணங்களின் இரவு’ இவ்வகைக்கு ஓர் எடுத்துக்காட்டாக இன்றும் பேசப்படுகிறது. பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்து வந்த ஜார்ஜ் ரொமேரோவும் அவருடைய நண்பர்களும் சுமார் 1,14,000 டாலரில் அதனை எடுத்தனர். இரத்தத்திற்குப் பதில் சாக்லெட் குழம்பைப் பயன்படுத்தினர். கதை பெரும்பாலும் ஒரு பண்ணை வீட்டினுள்ளேயே நடக்கிறது. வெளியே நடமாடும் பிணங்களைவிட, உள்ளே இருப்போர் நிலவறைக்குள் செல்வதா, மேலேயே இருப்பதா என்று தமக்குள் இட்ட சண்டையே அவர்களை அழிக்கிறது. இரவெல்லாம் போராடிப் பிழைத்த கறுப்பு நாயகனையும் விடியலில் மீட்க வந்தவர்கள் பிணமென்று கருதிச் சுட்டுவிடுகின்றனர். படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால், எடுத்தவர்களுக்கு அதன் மீது உரிமையும் இல்லாமற் போனது தனிக்கதை.

1979இல் வெளிவந்த ‘மேட் மேக்ஸ்’ படத்தை எடுத்த ஜார்ஜ் மில்லர் ஓர் ஆஸ்திரேலிய டாக்டர். சாலை விபத்துகளில் சிதைந்து மருத்துவமனைக்கு வந்தோரைக் கண்டவர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின்போது பெட்ரோலுக்காக மக்கள் அடித்துக்கொண்டதும் அக்கதைக்கு வித்தாயிற்று. மெல்போர்ன் நகருக்கு வெளியே வெறிச்சோடிக் கிடந்த சாலைகளே அவருக்குக் களமாயின.

2015இல் வடக்கு அயர்லாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஃபிங்கிள்டன் எடுத்த ‘தி சர்வைவலிஸ்ட்’ படத்தில், காட்டுக் குடிசையில் ஒருவன் சிறு பாத்தியில் பயிரிட்டு, அதனைத் துப்பாக்கியோடு காத்து வாழ்கிறான். நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 2024இல் வந்த, அருண் சந்துவின் ‘ககனசாரி’ என்னும் மலையாளப் படம் இக்கதையை நகைச்சுவையாக்கியது. அதிலும் குலைந்துபோன வருங்காலக் கேரளம் பெரும்பாலும் ஓர் அடுக்ககக் குடியிருப்புக்குள் அடங்கிவிடுகிறது.

இவற்றை ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். வெறுமையான உலகம் மலிவானது. ஒரு வீடு, ஒரு சாலை, நான்கு நடிகர்கள் போதும். ஆயிரம் பேர் ஒருவருக்கொருவர் கைகொடுத்து மீளும் காட்சிக்கோ ஆயிரம் பேருக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். கேரள வெள்ளத்தைக் காட்டிய ‘2018’ என்னும் 2023ஆம் ஆண்டுப் படம் ஊரே திரண்டு உயிர் காத்த கதையைச் சொன்னது. சிறு முதலில் அது இயலக்கூடியதன்று. ஆகவே பையில் பணமில்லாதவன் சொல்லும் உலக முடிவில் மனிதன் பெரும்பாலும் தனியன், அடுத்தவன் பகைவன். பொருளின் வறுமையால் நேர்ந்த இந்த அமைப்பை மனித இயல்பின் உண்மை என்று பார்ப்போர் எண்ணிவிடுகின்றனர்.

முன்னோர் கண்ட தனிமனிதன்

தனித்து விடப்பட்ட மனிதனின் கதை அரபு மொழிக்குப் புதிதன்று. ஸ்பெயினில் பிறந்து 1185இல் மறைந்த இப்னு துஃபைல் எழுதிய ‘ஹய் இப்னு யக்ஸான்’ நூலில், ஆளில்லாத் தீவில் ஒரு குழந்தை மானின் பாலுண்டு வளர்ந்து, தன் அறிவாலேயே மெய்ப்பொருளை உணர்கிறது. 1671இல் இலத்தீனிலும் 1708இல் அரபிலிருந்து நேரே ஆங்கிலத்திலும் இந்நூல் பெயர்க்கப்பட்டது. ராபின்சன் குரூசோவின் கதை வெளியானது அதற்குப் பின்னர், 1719இல்.

நுரையீரல் வழியாக இரத்தம் செல்வதை எடுத்துரைத்த மருத்துவ மேதை இப்னுந் நஃபீஸ் 1288இல் கெய்ரோவில் மறைந்தார். அவரும் இத்தகைய கதையொன்று எழுதினார். அதில் வரும் காமில் என்பவனும் ஆளில்லாத் தீவில் தனியே வளர்ந்தவனே. ஒரு நாள் கப்பல் ஒன்று கரை ஒதுங்குகிறது. அதில் வந்தோர் கொடுத்த சமைத்த உணவையும் உடையையும் கண்டபோதுதான், ஒருவன் தனித்து நல்வாழ்வு வாழ முடியாது, கூட்டமும் அதனை நெறிப்படுத்தும் சட்டமும் வேண்டும் என அவன் உணர்கிறான். அந்நூலின் இறுதியில் உலக முடிவும் பேசப்படுகிறது. ஆயினும் கதையின் திருப்பம் அந்தக் கப்பல்தான்.

சமுதாயம் குலைவதைக் கண்ணாரக் கண்டவர் இப்னு கல்தூன். 1332இல் தூனிஸில் பிறந்த அவர், 1348-49இல் பரவிய பெரும் கொள்ளைநோயில் பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் இழந்தார். நகரங்கள் பாழாகி, வழித்தடங்கள் அழிந்து, மாளிகைகள் காலியாகி, படைப்பே புதிதாக மாறிவிட்டாற்போல் ஆனதென்று தம் ‘முகத்திமா’வில் அவர் குறிக்கிறார். அத்தகையவர் அந்நூலை எழுதத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பொருள், மனிதன் இயல்பிலேயே கூடி வாழ்பவன் என்பதாகும். ஒருவனுடைய ஒரு நாளைக் கோதுமை உணவுக்கே அரைப்பதும் பிசைவதும் சுடுவதும் வேண்டும். அவற்றுக்கான கருவிகளுக்குக் கொல்லரும் தச்சரும் குயவரும் வேண்டும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டுகிறார். மனிதனிடம் பிறரைத் தாக்கும் குணமும் உண்டு, அதனைத் தடுக்க ஓர் ஆட்சி தேவை என்றும் உடனே சேர்த்துக்கொள்கிறார். அவர் மனிதனை மிகைப்படுத்தவும் இல்லை, இழிவுபடுத்தவும் இல்லை.

சென்னை காலியானபோது

நம் சென்னையும் ஒருமுறை வெறிச்சோடியது. 1942 மார்ச்சில் ஜப்பானியரிடம் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அடுத்தது சென்னையே என்ற அச்சம் பரவியது. இன்றியமையாப் பணி இல்லாதோர் நகரைவிட்டு நீங்குமாறு அரசு அறிவுறுத்தியது. இலட்சக்கணக்கானோர் வெளியேறினர். சென்ட்ரல் நிலையத்தருகே இருந்த மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள், கூண்டு உடைந்தால் ஊருக்குள் புகுந்துவிடும் என்று சுட்டுக் கொல்லப்பட்டன. 1985இல் நம் தாம்பரத்தை அடுத்த வண்டலூருக்கு இடம் மாறியது அந்தக் காட்சிச் சாலையே. எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுச் சென்றதோடு சரி.

நகர் காலியாயிற்று, ஆனால் வெளியேறியவர்கள் காட்டுக்குச் செல்லவில்லை. உறவினர் வீட்டுத் திண்ணைகளுக்குச் சென்றனர். பர்மாவிலிருந்து நம் வணிகர் உள்ளிட்ட பல இலட்சம் இந்தியர், மலையும் காடும் கடந்து நடந்தே திரும்பிய பேரவலமும் அவ்வாண்டினதே. வழியில் மாண்டவர் எண்ணற்றோர். அந்தப் போரையும் அகதி வாழ்வையும் பின்னணியாகக் கொண்ட 1952ஆம் ஆண்டின் ‘பராசக்தி’, பிரிந்த உடன்பிறப்புகள் ஒருவரையொருவர் தேடி அலைந்து ஒன்றுசேரும் கதையாக அமைந்தது. ரங்கூனிலிருந்து வந்தவனைச் சென்னை ஏமாற்றித் தெருவில் நிறுத்துவதை அது மறைக்கவில்லை. எனினும் அதன் நாட்டம் உறவைத் தேடுவதில் இருந்தது.

2015 டிசம்பர்

இனி, எனக்கு உறக்கம் வராத காரணத்திற்கு வருகிறேன்.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை இப்பகுதி மக்கள் மறவார். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை மீறியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, பணம் தரும் எந்திரங்கள் இயங்கவில்லை. விமான நிலையம் மூடப்பட்டது. 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளேடு முதன்முறையாக அச்சாகவில்லை. திரைப்படங்கள் காட்டும் குலைவு, சில நாட்களுக்கு நம் தெருவுக்கே வந்துவிட்டது.

முடிச்சூரில் நாங்கள் மாடியில் இருந்தோம். கீழ்த்தளம் முழுகிவிட்டது. குடிக்க இரண்டு கேன் தண்ணீர்தான் மீதம். இரண்டாம் நாள் இரவு கதவு தட்டப்பட்டது. நான் எழவில்லை. மெழுகுவர்த்தியின் சுடர் கதவிடுக்கில் தெரியாதபடி கையால் மறைத்தேன். மீண்டும் தட்டினார்கள். அப்போதும் நான் அசையவில்லை. உள்ளறையிலிருந்து என் தாயார், “யாரோ தட்டுறாங்களே, உன் காதுல விழலையாப்பா?” என்று கேட்டார்கள். அதன் பிறகே திறந்தேன்.

எதிர்வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஐந்தாண்டுகளாகத் தலையசைப்புக்கு மேல் அவரோடு எனக்குப் பழக்கமில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார். கொடுத்தேன். மறுநாள் காலை அவரே வந்து, தெருமுனையில் படகு நிற்பதாகச் சொன்னார். நடக்க இயலாத என் தாயாரை நாற்காலியோடு தூக்கி, இடுப்பளவு நீரில் படகு வரை கொண்டு சேர்த்தவரும் அவரே.

அந்நாட்களில் பால் பாக்கெட்டைப் பன்மடங்கு விலைக்கு விற்றவர்களும் இருந்தனர். ஆயினும் மீனவர்கள் படகுகளோடு வந்தனர். பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் திருமண மண்டபங்களும் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. முகமறியாத இளைஞர்கள் தோளில் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து நீரில் நடந்தனர். இப்னு கல்தூன் கூறிய இரு குணங்களையும் ஒரே வாரத்தில் நாங்கள் கண்டோம்.

என் மாணவரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் என் படம் பொய்யா, ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

“பொய்யில்லை தம்பி. உன் படத்தில் விளக்கை அணைப்பவன் நான்தான். ஆனால் அது முதல் தட்டலோடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் முறை தட்டுவதையும் சேர்த்துக்கொள். வெளியே நிற்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்” என்றேன்.