மாந்தோப்பு அட்வான்ஸும் போடி ஏலக்காயும்

பெரியகுளம் பக்கம் மாந்தோப்பு பேரம் பார்த்திருக்கிறீர்களா? மரம் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போதே வியாபாரி வந்துவிடுவார். தோப்பைச் சுற்றி ஒரு நடை. அண்ணாந்து ஒரு பார்வை. 'இந்த வருஷம் காப்பு சுமார்தாண்ணே' என்று ஒரு பெருமூச்சு (நல்ல காப்பு என்றாலும் இந்தப் பெருமூச்சு உண்டு!). பேரம் படிந்ததும் ஒரு தொகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டுப் போவார். சீஸனில் விலை இருந்தால் மீதியைக் கொடுத்துக் காயைப் பறிப்பார். விலை படுத்துவிட்டால்..? 'அட்வான்ஸ் போனால் போகட்டும்' என்று அந்தப் பக்கமே தலைகாட்டாதவர்களும் உண்டு.

கோட்டு சூட்டுப் போட்டவர்கள் இதற்கு 'ஆப்ஷன்' என்றும், அந்த அட்வான்ஸுக்கு 'பிரீமியம்' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பி.காம். படித்த காலத்தில் ஆப்ஷன் என்றால், கேள்வித்தாளில் 'அல்லது' போட்டு வருமே, அதுதான்!

விஷயம் பழசு. கிரேக்க ஞானி தேலீஸ், ஆலிவ் அமோகமாக விளையப் போகிறது என்று கணித்து, குளிர்காலத்திலேயே ஊரிலிருந்த எண்ணெய்ச் செக்குகளுக்கெல்லாம் சொற்ப அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துவைத்தாராம். அறுவடை நேரத்தில் அவர் சொன்னதுதான் வாடகை! எழுதிவைத்தவர் அரிஸ்டாட்டில். நம் பம்பாயில் பருத்தி வியாபாரிகள் 1875-லேயே முறையான சங்கம் வைத்து முன்பேர வியாபாரம் செய்தார்கள். அங்கே ஆப்ஷனுக்குப் பெயர் 'தேஜி - மண்டி'. 'சூதாட்டம்' என்று சொல்லி 1952-ம் வருஷச் சட்டம் சரக்குகளில் ஆப்ஷனையே தடை செய்தது. அது திரும்பி வர 2017 ஆகிவிட்டது, அதுவும் முதலில் தங்கத்துக்கு.

சரி, போடிநாயக்கனூருக்கு வருவோம். ஏலக்காய் விளைவது பெரும்பாலும் மேலே இடுக்கி மலையில். ஆனால், ஏலத்துக்குப் போடி பேர்போன ஊர். வியாபாரிகள் முன்னால் சாம்பிள் வரும். காயின் பச்சையையும் பருமனையும் பார்த்து விலை கேட்பார்கள். அன்றைக்கு என்ன விலையோ, அதுதான் தோட்டக்காரரின் தலையெழுத்து.

2006-ல் மும்பை எம்.சி.எக்ஸ். சந்தையில் ஏலக்காய்க்கு 'ஃப்யூச்சர்ஸ்' வந்தது. மூன்று மாதம் கழித்துத் தரப்போகும் காய்க்கு இன்றே விலை! அந்த விலையை எப்படிப் போடுகிறார்கள்?

பேச்சுக்கு, இன்று கிலோ 1,000 ரூபாய். வட்டி வருஷத்துக்கு 12 சதவிகிதம் என்றால் மூன்று மாதத்துக்கு 30. குடோன் வாடகை வகையறா 10. ஆக, 1,040. சந்தையில் 1,100 என்று ஓடினால், கெட்டிக்காரர் ஒருவர் இன்றே காயை வாங்கி குடோனில் போட்டுவிட்டு, 1,100-க்கு முன்பேரமாக விற்றுவிடுவார். அலுங்காமல் 60 லாபம்! இப்படி நாலு பேர் இறங்கினால் விலை தானாக 1,040-க்கு வந்துவிடும். ஆனால், இது மேல்பக்கத்துக்குத்தான் கடிவாளம். புது அறுவடை வரப்போகிறதென்றால் விலை 1,040-க்குக் கீழேயும் போகும். நாளை விளையும் காயை இன்று கொண்டுவந்து விற்க முடியாதே! குடோனில் கிடக்கும் காய்க்குப் பச்சை வெளுத்துப்போகும் என்பது தனி வில்லங்கம்.

தோட்டக்காரர் 100 கிலோவை 1,040-க்கு முன்பேரமாக விற்றுவிட்டார் என்று வையுங்கள். ஏலத்தில் விலை 700-க்கு விழுந்தால், சந்தையில் கிலோவுக்கு 340 கிடைக்கும். 1,500-க்கு ஏறினால், சந்தையில் 460 போய்விடும். எப்படிப் பார்த்தாலும் கைக்கு 1,040. நிம்மதி!

நிம்மதியா? 2018-ல் ஆயிரத்தை ஒட்டி இருந்த ஏலக்காய், வெள்ளமும் வறட்சியும் அடுத்தடுத்து வந்ததில், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் அதிகபட்சமாக 7,000 ரூபாயைத் தொட்டது. விலையை ஏற்றிய அதே வறட்சி நம்மவர் செடியையும்தானே காய வைத்திருக்கும்? 100 கிலோவுக்குப் பேரம் பேசியவருக்கு விளைந்தது 40 கிலோ; விலை 3,000 என்று கணக்குப் போடுங்கள். காயை விற்றால் 1,20,000 வரும். சந்தையில் 1,96,000 நஷ்டம். அந்த நஷ்டத்தையும் காய் பறிக்கும்வரை காத்திருந்து கேட்கமாட்டார்கள். அன்றன்றைக்கு மார்ஜின் கட்டியாக வேண்டும்.

இவருக்குத் தேவை மாந்தோப்பு அட்வான்ஸ் மாதிரி ஒன்று. '1,000 ரூபாய்க்கு விற்க எனக்கு உரிமை உண்டு, கட்டாயம் இல்லை.' அதற்கு பிரீமியம் கிலோவுக்கு 60 என்றால், விலை ஏறும்போது போவது மொத்தம் 6,000 ரூபாய் மட்டும்.

ஆனால், அந்த 60-ஐ யார், எப்படி நிர்ணயிப்பது? அமெரிக்காவில் 1973-ல் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் என்ற இருவர் சூத்திரம் எழுதினார்கள். ராபர்ட் மெர்ட்டன் அதைச் செம்மைப்படுத்தினார். விலை ஏறுமா, இறங்குமா என்று ஜோசியம் பார்க்க வேண்டாம். எவ்வளவு குதிக்கிறது என்று தெரிந்தால் போதும் என்றார்கள். ஆப்ஷன் விற்றவர் விலை நகர நகரச் சரக்கை வாங்கியும் விற்றும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சூட்சுமம். 1997-ல் ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் நோபல் பரிசு (பிளாக் 1995-லேயே இறந்துவிட்டார்). அடுத்த வருஷமே, இருவரும் பங்குதாரர்களாக இருந்த எல்.டி.சி.எம். என்ற நிதி நிறுவனம் கவிழ்ந்தது. 14 வங்கிகள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்தின.

7,000-ஐத் தொட்ட ஏலக்காய் 2022-ல் மறுபடி ஆயிரத்துக்குக் கீழே வந்தது. இப்படிக் குதிக்கிற சரக்குக்கு நான் சொன்ன 60 ரூபாய்க்கு யாரும் ஆப்ஷன் எழுதித் தரமாட்டார்கள். பல மடங்கு கேட்பார்கள். மாந்தோப்புக்காரரோ, வியாபாரியின் முகத்தைப் பார்த்துத்தான் அட்வான்ஸை முடிவு செய்கிறார்.