வழுதூர் எரிவாயு சுழலி மின்நிலையம்

வழுதூர் எரிவாயு சுழலி மின்நிலையம் என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள வழுதூரில் இயற்கை எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்யும் அரசுத்துறை மின்நிலையம் ஆகும். இதன் நிறுவுதிறன் 187.2 மெகாவாட். இதனைத் தமிழ்நாடு மின்சார வாரியம் அமைத்தது. 2010 இல் வாரியம் பிரிக்கப்பட்டபோது இந்நிலையம் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பில் வந்தது. 2024 இல் நடந்த மறுசீரமைப்பில் மின்னுற்பத்திக்கெனத் தனிக் கழகம் உருவாக்கப்பட்டது.

அமைப்பு

முதற்கட்டம் (2003): 95 மெகாவாட். எரிவாயு சுழலி 60, நீராவிச் சுழலி 35.

இரண்டாம் கட்டம் (2008-09): 92.2 மெகாவாட். எரிவாயு சுழலி 59.8, நீராவிச் சுழலி 32.4.

காவிரிப் படுகையின் இராமநாதபுரம் பகுதிக் கிணறுகளிலிருந்து எரிவாயு குழாய் வழியாக வருகிறது. ஆகவே உற்பத்தி எரிவாயு வரத்தைப் பொறுத்துக் கூடும் அல்லது குறையும். இரு கட்டங்களும் ஒரு நாள் முழுவதும் முழுத்திறனில் இயங்கினால் ஏறத்தாழ 45 இலட்சம் அலகு (யூனிட்) மின்சாரம் கிடைக்கும்.

இயங்கும் முறை

இங்கு பயன்படுவது கூட்டுச் சுழற்சி முறை. அழுத்தப்பட்ட காற்றில் எரிவாயு எரிந்து முதற்சுழலியைச் சுழற்றுகிறது. அதிலிருந்து வெளியேறும் வெப்பப் புகை, கொதிகலனில் நீரை ஆவியாக்குகிறது. அந்த நீராவி இரண்டாம் சுழலியை இயக்குகிறது. இரண்டாம் சுழலிக்குத் தனி எரிபொருள் தேவையில்லை.

உமிழ்வுகள்

எரிவாயு மின்நிலையத்தின் புகைபோக்கியில் கரும்புகை தெரிவதில்லை. சாம்பல் இல்லை, கந்தக ஈராக்சைடும் மிகக் குறைவு. எனினும் கார்பனீராக்சைடு (கரியமில வாயு) வெளியாகிறது. மேலும், உயர் வெப்பத்தில் காற்றிலுள்ள நைதரசனும் ஆக்சிசனும் இணைந்து நைதரசன் ஆக்சைடுகள் உருவாகின்றன. இவை வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோன் தோன்றக் காரணமாகின்றன.

கார்பனீராக்சைடின் அளவைப் பின்வருமாறு கணக்கிடலாம். இயற்கை எரிவாயு ஒரு கிகாயூல் வெப்பத்துக்கு 56.1 கிலோ கார்பனீராக்சைடை வெளியிடுகிறது. எரிபொருள் ஆற்றலில் 45 விழுக்காடு மின்னாகிறது எனக் கொண்டால், 1000 அலகு மின்சாரத்துக்கு 8 கிகாயூல் வெப்பம் தேவை. உமிழ்வு சுமார் 449 கிலோ. நிலக்கரிக்கு ஒரு கிகாயூலுக்கு சுமார் 95 கிலோ, செயல்திறன் 35 விழுக்காடு எனக் கொண்டால் உமிழ்வு சுமார் 977 கிலோ. போத்தனூரில் ஒரு வீடு இரு மாதங்களில் 100 அலகு செலவிட்டால், அது எரிவாயு மின்சாரமாயின் 45 கிலோவும், நிலக்கரி மின்சாரமாயின் 98 கிலோவும் உமிழ்வாகும்.

நீராவிச் சுழலி பழுதுபட்டு நின்றால் இந்த நன்மை பெரிதும் குறையும். முதற்கட்டத்தில் எரிக்கப்படும் எரிவாயுவின் அளவு மாறாது. மின்சாரம் மட்டும் 95 மெகாவாட்டிலிருந்து 60 ஆகக் குறையும். அப்போது மேற்கண்ட 449 கிலோ சுமார் 711 கிலோவாக உயரும். எனவே, உற்பத்தி அளவை அறியாமல் உமிழ்வை மதிப்பிட இயலாது.

மீத்தேன் கசிவு

இயற்கை எரிவாயுவின் முதன்மைக் கூறு மீத்தேன். 1000 அலகுக்கு சுமார் 160 கிலோ மீத்தேன் எரிகிறது. கிணற்றிலோ குழாயிலோ எரியாமல் கசியும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் கார்பனீராக்சைடைப் போல் ஏறத்தாழ 30 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் புவியை வெப்பமாக்கும். ஒரு விழுக்காடு, அதாவது 1.6 கிலோ கசிந்தாலே, 100 ஆண்டுக் கணக்கில் 48 கிலோ கார்பனீராக்சைடுக்கு ஈடாகும். நிலக்கரிச் சுரங்கக் கசிவைச் சேர்க்காவிடில், 20 ஆண்டுக் கணக்கில் 4 விழுக்காட்டுக் கசிவே எரிவாயுவின் மேன்மையை நீக்கிவிடும். இக்கசிவு புகைபோக்கியில் வைக்கப்படும் அளவுகருவிகளில் பதிவாவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

குத்தாலம் எரிவாயு சுழலி மின்நிலையம் (101 மெகாவாட்)
திருமாக்கோட்டை எரிவாயு சுழலி மின்நிலையம் (107.88 மெகாவாட்)
பைங்குடில் விளைவு