தண்ணீர் எட்டாத இடம்

டெல்லி தீயணைப்புத் துறைக்கு 2019 கொடிய ஆண்டு. பிப்ரவரி 12 விடியுமுன் கரோல்பாக் அர்பித் பேலஸ் விடுதியில் 17 பேர் மாண்டார்கள். டிசம்பர் 8 அதிகாலை அனாஜ் மண்டித் தொழிற்கூடத்தில், வேலை செய்த இடத்திலேயே உறங்கிய தொழிலாளர்கள் 43 பேர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. வண்டிகள் விரைந்து வந்திருந்தால் பிழைத்திருப்பார்களே என்று கேட்கலாம். நேரம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அனாஜ் மண்டிச் சந்துக்குள் வண்டி நுழையவே இடமில்லை, சன்னல்களிலோ கம்பிகள். 1997 ஜூன் 13இல் உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மூச்சுத் திணறி இறந்தபோதே பாடம் தெளிவாகியிருந்தது: கூடுதல் இருக்கைகளுக்காக பால்கனியின் வெளியேறும் வழியை அடைத்திருந்தார்கள். எனவே முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் தீயணைப்பு வீரர்கள் அல்லர், இத்தகைய கட்டடங்களை நடத்தியவர்களும் நடத்த விட்டவர்களுமே. 2022 மே 13இல் முண்ட்காவில் 27 பேர் இறந்த கட்டடத்துக்கும் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கிடையாது.