பாலர் நுரையீரலழற்சியும் தாயர் அறிவும்: மயிலிட்டியை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

நியூமோனியா எனப் பொதுவாக வழங்கும் நுரையீரலழற்சி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இன்றும் பெருந்தொகையாகப் பலிகொள்கின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019 இல் அந்நோயால் இறந்த இவ்வயதினர் 740,180 பேர். இந்நோய் பற்றித் தாய்மார் யாது அறிவர் என்று மருத்துவ ஆய்வாளர் வினவுவர். அவ்வறிவு எவ்வாறு வந்தது என்பதோ வரலாற்று மாணவர்க்குரிய வினா. குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே, மாரியில் வாடைக்காற்றை நேரே எதிர்கொள்ளும் மீன்பிடி ஊராகிய மயிலிட்டியை முன்னிறுத்தி அதனை ஈண்டு நோக்குவாம்.

யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புறுத்திப் பேசப்படும் பரராசசேகரம் என்னும் வைத்திய நூல் பாலர் நோய்களையும் கூறுவது. தமிழ் மருத்துவம் இந்நோய்களைக் கணம், மாந்தம் முதலிய பெயர்களால் வகுத்தது. இவற்றுள் எதுவும் நுரையீரலழற்சிக்கு நேர்ச்சொல் அன்று. சுரம், இருமல், மூச்சிரைப்பு ஆகிய குறிகள் பல நோய்ப் பெயர்களின் கீழ்ப் பிரிந்து கிடந்தன. எனவே, 'நியூமோனியா' என்ற சொல்லை அறியாத தாயை நோயையே அறியாதவள் எனக் கொள்ளுதல் பொருந்தாது. இழுப்பு, முட்டு என்னும் நம் வழக்குகள் குழந்தையின் நெஞ்சை இரவிரவாகப் பார்த்திருந்தோர் வாயிற் பிறந்தவை. ஆயினும் பழமையைப் போற்றுவதற்காக உண்மையை மறைத்தல் தகாது. குறியைக் கண்டபின் நாவூறு கழிப்பதிலும் எண்ணெய் தடவுவதிலும் பரியாரியாரைத் தேடுவதிலும் கழிந்த பொழுது, குழந்தைக்கு இல்லாத பொழுது. கிருமியைக் கொல்லும் மருந்து அன்று எவரிடத்தும் இருக்கவில்லை என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்து, பின்னர் அதனைத் தமிழிலேயே போதித்தார். 1872 இல் வெளிவந்த வைத்தியாகரம் அவர்தம் பெருமுயற்சிகளுள் ஒன்று. அந்நூல்கள் மருத்துவம் பயின்ற ஆடவர்க்கு எழுதப்பட்டவை. தாய்மாரை அவை நேரே சென்றடைந்தன எனல் இயலாது. பெண்களை முன்வைத்த பணி, இணுவிலில் 1898 இல் எழுந்த மக்லியொட் வைத்தியசாலையோடு வலுப்பெற்றது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை இலங்கையெங்கும் பரவியபோது, குடும்பநல மருத்துவிச்சி வீட்டு வாயிலுக்கே வரலானாள். நூலினும் அவள் நாவே தாய்மார்க்கு ஆசிரியமாயிற்று என்பது எம் கருத்து.

மயிலிட்டியில் இன்னொரு நிறுவனமும் இருந்தது: கடற்கரைக் காசநோய் வைத்தியசாலை. நெஞ்சு நோய் என்றதும் காசமே நினைவுக்கு வரும் சூழலில், சில நாளில் உயிர் குடிக்கும் குழந்தை நோய் தனியே கவனம் பெறாதிருந்திருக்கலாம் என ஊகிக்க இடமுண்டு.

இவ்வரலாற்றின் திருப்பம் பப்புவா நியூகினியில் நிகழ்ந்தது. பிராங்க் ஷான் என்னும் மருத்துவரும் துணைவரும் 1984 இல் வெளியிட்ட ஆய்வு, குழாய் வைத்துக் கேளாமலும் கதிர்ப்படம் எடாமலும், மூச்சின் விரைவையும் நெஞ்சு உள்வாங்கலையும் கண்ணாற் கண்டே சிகிச்சை தேவைப்படுவோரைத் தெரிந்துகொள்ள இயலுமெனக் காட்டிற்று. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகளின்படி, குழந்தை அமைதியாயிருக்கையில் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணும்போது, இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, பன்னிரண்டு மாதத்துக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40, அல்லது அவற்றுக்கு மேற்பட்ட மூச்சு விரைவு மூச்சாகும். மூச்செடுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பாகம் உட்குழிதலும், பால்குடி மறுத்தலும் தாமதிக்கலாகாத குறிகள். நம் தாய்மார் 'இழுப்பு' என்று சுட்டியதில் இவ்வுள்வாங்கலும் அடங்கியிருத்தல் கூடும். அங்ஙனமாயின், வினாக்கொத்துடன் செல்வோர் நோயின் பெயரைக் கேட்டுப் புள்ளியிடுதல் எதனை அளக்கின்றது? சொல்லறிவையன்றி நோயறிவையன்று.

இவ்வளவுகள் உலகெங்கும் பரவத் தொடங்கிய காலத்தில், 1990 இல், மயிலிட்டி மக்கள் போரினால் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. பலர் நலன்புரி முகாம்களின் சிறு குடிசைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அடுப்புப் புகையும் நெருக்கமும் குழந்தையின் நுரையீரலுக்குப் பகை என்பது மருத்துவ நூல்களின் முடிபு. மருந்தும் எரிபொருளும் தட்டுப்பட்ட தொண்ணூறுகளில், குறியை நன்கறிந்த தாயும் இரவில் வைத்தியசாலைக்குச் செல்லும் வழியற்றிருந்தாள். அறிவையும் வழியையும் ஒன்றெனக் கருதுவோர் அவளை 'விழிப்புணர்வற்றவள்' என்று பதிந்துவிடுவர்.

மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலமும் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டன. 27 ஆண்டுகளின் பின் திரும்பிய குடும்பங்களில் இளந்தாயர் பலர் அவ்வூரை முன்னர் கண்டறியாதவர். பழைய அயலும், அயலிலிருந்து குழந்தையின் மூச்சைப் பார்த்துச் சொன்ன மூதாட்டியரும் இன்றி அவர்கள் அங்கே மீளக் குடியேறினர்.