மணலில் எழுதிய பாடம்

குஜிலியம்பாறையில் என் பாட்டனார் 'அ' எழுதப் பழகியது திண்ணை மணலில்தான். விரல் நுனி எரியும் என்பார். அந்த மணல் சீமைக்குப் போன கதை அவருக்குத் தெரியாது.

1789-ல் சென்னை எழும்பூரில், அனாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையாளராக அமர்ந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் குதிரைமேல் போகையில், நம் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். காகிதச் செலவில்லை, மைச் செலவில்லை. திரும்பி வந்து தம் ஆசிரியர்களிடம் சொன்னார். நடவாத காரியம் என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். (இன்னொரு வாத்தியாரின் சரக்கு நமக்கெதற்கு என்ற ரோஷம் இருந்திருக்கும்; அது இல்லாத ஆசிரியர் அறையை நான் கண்டதில்லை.) பெல் விடவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையன், ஒரு சிப்பாயின் மகன். அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டிவிட்டான். நம் சட்டாம்பிள்ளைகளுக்கு இது புதிதா, என்ன!

1797-ல் பெல் லண்டனில் புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்று பெயர் பரவிற்று. முதலில் கண்டுபிடித்தவர் பெல்லா, ஜோசப் லங்காஸ்டரா என்று இரு கட்சியாரும் வருஷக்கணக்கில் சண்டையிட்டார்கள். திண்ணை வாத்தியாரை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. 1832-ல் காலமான பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். வாத்தியாரின் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை, கேட்டுக்கொண்டாரோ, இல்லையோ.