லண்டனில் காசு கேட்காத பூங்கா

லண்டன் என்றாலே செலவு தான் நினைவுக்கு வரும். ஆனால் நகரின் நடுவே சுமார் 350 ஏக்கரில் இருக்கும் ஹைட் பார்க்கில் நுழையக் காசே வேண்டாம். மர நிழலில் நடக்கலாம், புல்லில் படுக்கலாம், செர்பன்டைன் ஏரிக்கரையில் உட்கார்ந்து வாத்துகளை வேடிக்கை பார்க்கலாம்.

இந்த இலவசம் சும்மா வந்ததா? இல்லை நண்பர்களே!

1536-ல் மன்னர் எட்டாம் ஹென்றி இந்த நிலத்தை வெஸ்ட்மின்ஸ்டர் மடத்திடம் இருந்து எடுத்து, தன் மான் வேட்டைக்கு வைத்துக் கொண்டார். 100 ஆண்டுகள் கழித்து, 1637-ல் முதலாம் சார்லஸ் தான் பொதுமக்களுக்குத் திறந்து விட்டார். அவரைக் கொன்று மன்னராட்சியை ஒழித்த நாடாளுமன்றம், 1652-ல் பூங்காவைத் தனியாருக்கு விற்றது. அடுத்த வருடமே கோச்சு வண்டிக்கு ஒரு ஷில்லிங், குதிரைக்கு ஆறு பென்ஸ் என்று வசூல்! 1660-ல் மன்னராட்சி திரும்பிய பிறகு தான் பூங்கா மறுபடி அரசர் கைக்கு வந்தது.

காற்று வாங்க அனுமதி இருந்தது. கூடிப் பேச? 1866 ஜூலையில் தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்டு ரிஃபார்ம் லீக் இங்கே கூட்டம் அறிவித்தது. அரசு தடை போட்டு வாசல்களைப் பூட்டியது. மக்கள் கம்பி வேலியைச் சாய்த்துக் கொண்டு உள்ளே போனார்கள். 1867-ல் நகரத் தொழிலாளர்கள் பலருக்கு வாக்குரிமை கிடைத்தது. 1872-ல் பூங்காவில் கூட்டம் நடத்தவும் சட்டம் வழிவிட்டது. இன்றைய 'ஸ்பீக்கர்ஸ் கார்னர்' அப்படி வந்தது தான்.

இலவசமாகக் கிடைக்கும் பொது இடத்தையும் பறிக்க முடியும், விற்க முடியும், பூட்ட முடியும். இந்தப் பூங்காவுக்கு மூன்றும் நடந்திருக்கிறது. நம் ஊர்ப் பூங்காவுக்குப் போகும்போதும் இதைக் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்கள்!